ஸ்லைடு கிடாருக்கு எந்த ட்யூனிங், எந்தத் தந்தி? வாசகர் கேள்வி-பதில்

ஸ்லைடு (விரலில் மாட்டித் தந்திமேல் வழுக்கும் கண்ணாடி அல்லது உலோகக் குழாய்) கொண்டு ப்ளூஸ் வாசிக்க ஓபன் ட்யூனிங் (வெறும் தந்திகளை மீட்டினாலே ஒரு கார்டு ஒலிக்கும் சுருதி அமைப்பு) தேர்வு செய்வது, அதற்குத் தகுந்த கனத்தில் தந்தி போடுவது பற்றி வந்த கடிதங்களில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். மெல்லிய தந்தி 1, தடித்த தந்தி 6 என்றே எல்லாப் பதில்களிலும் எண்ணியிருக்கிறோம். தந்தி செட்டின் பெயரில் வரும் எண் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறிக்கும். 12-53 செட் என்றால் முதல் தந்தி 0.012 அங்குலம், ஆறாவது 0.053 அங்குலம்.

கேள்வி: சாதாரண ட்யூனிங்கில் கார்டு பிடித்து ஓரளவு வாசிப்பேன். இப்போது ஸ்லைடு பழகுகிறேன். ஓபன் டி, ஓபன் ஈ, ஓபன் ஜி, ஓபன் ஏ என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதில் தொடங்குவது?
— வாசகர், பெரம்பூர்

பதில்: பெயர் நான்கு என்றாலும் குடும்பம் இரண்டுதான். ஓபன் டியை அப்படியே இரண்டு ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி; ஒன்றுக்கும் அடுத்ததற்கும் அரை ஸ்வர இடைவெளி) ஏற்றினால் ஓபன் ஈ. ஓபன் ஜியை இரண்டு ஃபிரெட் ஏற்றினால் ஓபன் ஏ. ஸ்லைடு வைக்கும் இடங்கள் மாறுவதில்லை. ஆகவே நீங்கள் முடிவு செய்ய வேண்டியது டி குடும்பமா, ஜி குடும்பமா என்பதை மட்டும்தான்.

ஆறாவது தந்தியிலிருந்து முதல் தந்தி வரை வரிசையாகச் சொன்னால், ஓபன் டி என்பது டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. ஸ்வரமாகச் சொன்னால் ஸ-ப-ஸ-க-ப-ஸ. ஓபன் ஜி என்பது டி, ஜி, டி, ஜி, பி, டி. அதாவது ப-ஸ-ப-ஸ-க-ப. இரண்டிலும் வருவது அந்தர காந்தாரம்.

ஸ்வரமாக எழுதியதுமே வித்தியாசம் புரிந்துவிடும். ஓபன் டியில் மேல் தந்தியும் ஸட்ஜம், அடித் தந்தியும் ஸட்ஜம். கட்டைவிரல் ஆறாவது தந்தியில் ஸட்ஜத்தைத் தட்டிக்கொண்டே இருக்க, மேலே முதல் தந்தியில் பாட்டை வாசித்து 12-வது ஃபிரெட்டில் ஸட்ஜத்தில் கொண்டுபோய் நிறுத்தலாம். ப்ளூஸ் கலைஞர் எல்மோர் ஜேம்ஸின் கணீரென்ற பாணி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. ராக் கிடார் கலைஞர் டுவேன் ஆல்மன் எலெக்ட்ரிக் கிடாரில் வாசித்த ஓபன் ஈயும் இதுவே. ஓபன் ஜியில் மேல் தந்தி பஞ்சமம், அதற்கு அடுத்தது காந்தாரம். ஸட்ஜம் ஐந்தாவது தந்தியில் இருக்கிறது. கார்டு அடர்த்தியாகவும் கொஞ்சம் முரட்டுத்தனமாகவும் ஒலிக்கும். மிசிசிப்பி டெல்டாவின் சன் ஹவுஸ் பாணி பிடித்தவர்களுக்கு இதுதான் வழி.

தொடங்குவதற்கு ஓபன் டியையே சொல்வோம். முதல் தந்தி ஒன்றிலேயே ப்ளூஸின் முழு ஸ்வர வரிசையும் கிடைத்துவிடுகிறது. 3-வது ஃபிரெட்டில் சாதாரண காந்தாரம், 5-ல் சுத்த மத்யமம், 7-ல் பஞ்சமம், 10-ல் கைசிகி நிஷாதம், 12-ல் மேல் ஸட்ஜம். ப்ளூஸின் உயிர் 3-வது ஃபிரெட்டுக்கும் 4-வது ஃபிரெட்டுக்கும் நடுவில் இருக்கிறது. சாதாரண காந்தாரமும் இல்லாத, அந்தர காந்தாரமும் ஆகாத அந்த இடத்தை ஃபிரெட் கம்பி தராது, ஸ்லைடுதான் தரும். கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு அது எளிதில் பிடிபடும்.

சுருதி மாற்றும் முறை இது. ஆறாவது தந்தியை இரண்டு ஃபிரெட் அளவு இறக்கி, நான்காவது தந்தியோடு சேர்த்து மீட்டிப் பாருங்கள். ஒரு ஸ்தாயி இடைவெளியில் அலை இல்லாமல் ஒன்ற வேண்டும். முதல் தந்தியையும் இரண்டு ஃபிரெட் இறக்கி அதே நான்காவதோடு ஒப்பிடுங்கள். இரண்டாவதை இரண்டு ஃபிரெட் இறக்கி ஐந்தாவதோடு ஒப்பிடுங்கள். மூன்றாவதை ஒரே ஒரு ஃபிரெட் இறக்கினால் போதும். நான்காவது தந்தியை 4-வது ஃபிரெட்டில் அழுத்தினால் வரும் ஸ்வரம்தான் அது. எந்தத் தந்தியையும் தேவைக்குக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு மேலே ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி அப்படியே நிறுத்தினால், ட்யூனிங் சாவியின் பல்லில் இருக்கும் தளர்வு காரணமாக இரண்டு நிமிடத்தில் சுருதி இறங்கிவிடும்.

ட்யூனர் பச்சை காட்டிய பிறகும் மூன்றாவது தந்தி கொஞ்சம் சுருதி ஏறிக் கேட்கலாம். அது ட்யூனரின் பிழை இல்லை. சம இடைவெளி ஸ்வர முறையில் இந்தக் காந்தாரம் இயல்பான இடத்தைவிட ஏறக்குறைய 14 செண்ட் (ஒரு ஃபிரெட் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு செண்ட்) மேலே இருக்கிறது. 8 முதல் 10 செண்ட் வரை இறக்கிப் பாருங்கள். வெறும் தந்திகளை மீட்டினாலே கார்டு தம்புரா போல அடங்கி நிற்கும்.

கேள்வி: அக்கூஸ்டிக் கிடாரில் 12-53 செட் போட்டிருக்கிறேன். ஓபன் டிக்கு இறக்கியதும் தந்திகள் தொளதொளவென்று ஆகிவிட்டன. ஸ்லைடு ஃபிரெட்டில் இடித்து 'கடக் கடக்' என்கிறது. 13-56 போடலாமா? கழுத்து வளைந்துவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார்.
— வாசகர், திருவான்மியூர்

பதில்: தாராளமாகப் போடலாம். உங்கள் நண்பரின் பயம் சாதாரண ட்யூனிங்கை மனதில் வைத்து வந்தது. தந்தியின் இழுவிசை அதன் கனத்தை மட்டும் பொறுத்ததில்லை, எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்பதையும் பொறுத்தது. ஒரு ஃபிரெட் இறக்கினால் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். இரண்டு ஃபிரெட் இறக்கினால் 20 சதவீதத்துக்குச் சற்று மேல் குறையும். இரண்டு ஃபிரெட் ஏற்றினால் சுமார் 26 சதவீதம் கூடும்.

25.5 அங்குல நீளக் கிடாரில் 12 கனமுள்ள முதல் தந்தி சாதாரண ட்யூனிங்கில் சுமார் 10.6 கிலோ இழுக்கும். அதையே டிக்கு இறக்கினால் 8.4 கிலோவாகிவிடும். உங்கள் விரலுக்குத் தொளதொளப்பாகத் தெரிவது இந்த இரண்டு கிலோ குறைவுதான். அந்த இடத்தில் 13 போட்டால் 9.9 கிலோ வரும். 14 போட்டால் 11.4 கிலோ. ஆறு தந்தியையும் கூட்டினால், 12-53 செட் சாதாரண ட்யூனிங்கில் ஏறத்தாழ 74 கிலோ இழுக்கிறது. 13-56 செட்டை ஓபன் டியில் வைத்தாலும் கிட்டத்தட்ட அதே இழுவிசைதான். கழுத்துக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டு ஃபிரெட் இறக்கினால் ஒரு செட் கனமாகப் போடலாம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே எச்சரிக்கை: 13-56 போட்ட கிடாரைப் பிறகு சாதாரண ட்யூனிங்குக்கு ஏற்றி வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். அதைவிட முக்கியம், அக்கூஸ்டிக்கில் ஓபன் ஈக்கு ஏற்றுவதைத் தவிருங்கள். ஐந்தாவதும் நான்காவதும் இரண்டு ஃபிரெட், மூன்றாவது ஒரு ஃபிரெட் ஏறுவதால் 12-53 செட்டில்கூட சுமார் 9 கிலோ கூடிவிடும். மே மாத வெயிலில் மூடிய காருக்குள் கிடந்த கிடாரில் பிரிட்ஜின் (தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் கட்டை) பசை ஏற்கெனவே இளகியிருக்கும். அதன்மேல் இந்தச் சுமையும் சேர்ந்தால் பிரிட்ஜின் பின்விளிம்பு பலகையிலிருந்து பெயர்ந்து எழும்பும். ஓபன் டியில் சுருதி சேர்த்து 2-வது ஃபிரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒன்றாக அழுத்தும் கவ்வி) போடுங்கள். ஓபன் ஈ கிடைத்துவிடும், கிடாரும் தப்பிக்கும்.

ஓபன் ஜி வாசிப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அதில் 1, 5, 6 ஆகிய மூன்று தந்திகள் மட்டுமே இறங்குகின்றன, நடுவில் இருப்பவை அசைவதில்லை. முழு செட்டையும் கனமாக்க வேண்டியதில்லை. 12-53 செட்டையே போட்டு, முதல் தந்தியை மட்டும் தனியாக வாங்கிய 13 அல்லது 14-ஆகவும், ஆறாவதை 56-ஆகவும் மாற்றினால் போதும். ஒற்றைத் தந்தி பெரும்பாலான கடைகளில் கிடைக்கும். 'ஒரு 14 பிளெயின், ஒரு 56 பாஸ்பர் பிரான்ஸ் வவுண்ட்' என்று எண் சொல்லிக் கேளுங்கள். பிளெயின் என்பது வெறும் எஃகுக் கம்பி, வவுண்ட் என்பது மேலே கம்பி சுற்றியது.

தந்தி மாற்றியதும் நட்டை (கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் பள்ளத்தில் உட்காரும் பட்டை) கவனியுங்கள். தடித்த தந்தி பழைய பள்ளத்தில் சிக்கிக்கொண்டால், சாவியைத் திருப்பும்போது ஒன்றும் நடக்காமல் இருந்து, திடீரென்று 'டிங்' என்ற சத்தத்தோடு சுருதி எகிறும். தந்தியைத் தளர்த்தி, பள்ளத்தில் 2பி பென்சில் முனையைத் தேயுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கிடார் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பள்ளத்தை அகலமாக்க வேண்டும், ஆழமாக்கக் கூடாது. ஸ்லைடுக்கு நட்டில் உயரம் இருப்பது நல்லது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் 'கடக்' சத்தத்தில் பாதிக்குத் தந்தி காரணமில்லை, கைதான் காரணம். ஸ்லைடு தந்தியை அழுத்தக் கூடாது. தன் எடையில் தந்திமேல் உட்கார்ந்தால் போதும். சாதாரணமாக விரல் வைப்பது போல ஃபிரெட் கம்பிக்குப் பின்னால் வைக்காமல், நேராகக் கம்பிக்கு மேலேயே, அதற்கு இணையாக வையுங்கள். ஸ்லைடுக்குப் பின்னால் இருக்கும் விரல்களைத் தந்திமேல் மெதுவாகப் படியவிடுங்கள். நட்டுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே எழும் உபரி இரைச்சல் அடங்கிவிடும்.

கேள்வி: ஆக்‌ஷன் (ஃபிரெட்டுக்கு மேல் தந்தியின் உயரம்) எவ்வளவு இருக்க வேண்டும்? பழுதுபார்ப்பவரிடம் போகாமல் நானே ஏற்ற முடியுமா?
— வாசகர், வேளச்சேரி

பதில்: 12-வது ஃபிரெட் கம்பியின் உச்சியிலிருந்து தந்தியின் அடிவரை ஸ்டீல் ஸ்கேலால் அளங்கள். விரலாலும் ஸ்லைடாலும் மாறி மாறி வாசிப்பதாக இருந்தால் ஆறாவது தந்தியில் 3 மி.மீ., முதல் தந்தியில் 2.5 மி.மீ. சரியாக இருக்கும். ஸ்லைடு மட்டும் என்றால் ஒவ்வொன்றிலும் அரை மி.மீ. கூட்டலாம்.

உயரம் போதவில்லையென்றால் சாடிலை (பிரிட்ஜின் மேல் தந்திகள் தங்கும் பட்டை) கழற்றி, அதன் அடியில் சாடிலின் அகலத்துக்கு வெட்டிய பழைய ஏ.டி.எம். கார்டுத் துண்டு ஒன்றை வையுங்கள். கார்டின் தடிமன் 0.76 மி.மீ., 12-வது ஃபிரெட்டில் அதில் பாதி, அதாவது 0.38 மி.மீ. ஏறும். துண்டு பள்ளத்தின் முழு நீளத்துக்கும் இருக்க வேண்டும். குட்டையாக இருந்தால் சாடில் ஒரு பக்கம் சாய்ந்து அந்தப் பக்கத் தந்திகளின் ஒலி மங்கிவிடும். சாடிலுக்கு அடியில் பிக்கப் பொருத்திய கிடாரில் இந்த வேலை வேண்டாம். அழுத்தம் சீராக விழாமல், ஒரு தந்தி உரக்கவும் இன்னொன்று ஈனமாகவும் கேட்கும்.

கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருகி ஆக்‌ஷனை ஏற்ற முயல வேண்டாம். அது கழுத்தின் வளைவைச் சரிசெய்வதற்கானது. ஆறாவது தந்தியை 1-வது ஃபிரெட்டிலும் 14-வது ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, 7-வது ஃபிரெட்டில் தந்திக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு பழைய 10 கனத் தந்தித் துண்டை நுழைத்துப் பாருங்கள். அது கால் மி.மீ. தடிமன். தட்டாமலும் ஆடாமலும் நுழைந்தால் கழுத்து சரியாக இருக்கிறது.

எதைச் செய்தாலும் வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு செய்யுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஈரப்பதத்தில் மேல்பலகை உப்பி, ஆக்‌ஷன் தானாகவே ஏறியிருக்கும். மழைக்காலத்தில் அளந்து செய்த வேலை பிப்ரவரியில் பொருந்தாது.

கேள்வி: எலெக்ட்ரிக் கிடார், 9-42 செட், ட்ரெமலோ பிரிட்ஜ். ஓபன் ஈ வைக்க முயன்றால் ஒரு தந்தியைச் சரிசெய்ததும் மற்றது இறங்கிவிடுகிறது. மூன்றாவது தந்தி இரண்டு முறை அறுந்தும் போனது. என்ன செய்வது?
— வாசகர், கோடம்பாக்கம்

பதில்: இவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள்.

முதலாவது, மிதக்கும் பிரிட்ஜ். கைப்பிடியால் அசையும் ட்ரெமலோ பிரிட்ஜ் ஸ்பிரிங்குகளின் பிடியில்தான் நிற்கிறது. மூன்று தந்திகளை ஏற்றும்போது கூடும் இழுவிசை பிரிட்ஜை முன்னால் தூக்குகிறது. மற்ற மூன்றும் தளர்ந்து சுருதி இறங்குகிறது. அவற்றை ஏற்றினால் பிரிட்ஜ் இன்னும் தூக்கும். முடிவே இல்லாமல் போகும். கிடாரின் பின்மூடியைத் திறந்து, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டின் இரண்டு ஸ்க்ரூக்களையும் சம அளவில், ஒரு நேரத்தில் அரைச்சுற்று வீதம் இறுக்குங்கள். பிரிட்ஜின் தகடு கிடார் உடலில் முழுதாகப் படியும்வரை தொடருங்கள். மூன்று ஸ்பிரிங் போதாமல் ஐந்து தேவைப்படலாம். ஸ்லைடுக்கு ட்ரெமலோ கைப்பிடி தேவையே இல்லை என்பதால் இதில் இழப்பு ஒன்றுமில்லை.

இரண்டாவது, அறுந்த தந்தி. ட்யூனிங்கைக் குறை சொல்ல முடியாது. மூன்றாவது தந்தி ஒரு ஃபிரெட் மட்டுமே ஏறுகிறது. பிளெயின் எஃகுத் தந்தி எந்த ஸ்வரத்தில் அறுபடும் என்பது அதன் கனத்தைப் பெரிதாகப் பொறுத்ததில்லை. எல்லைக்கு மிக அருகில் இருப்பது முதல் தந்திதான், மூன்றாவது அதற்கு வெகு கீழே இருக்கிறது. அறுந்த துண்டை எடுத்துப் பாருங்கள். சாடிலில் வளையும் இடத்தில் அறுந்திருந்தால் அங்கே ஒரு கூரான பிசிறு இருக்கிறது. 1000 எண் எமரித் தாளைப் பென்சில் ஈயம் போலச் சுருட்டி, பள்ளத்தை நாலைந்து தடவை தேய்த்துவிடுங்கள். சாவியின் தண்டில் அறுந்திருந்தால் தண்டின் துளை விளிம்பைப் பாருங்கள்.

கனத்தைப் பற்றி: ஸ்லைடுக்கு 9-42 மிகவும் மெல்லிசு. ஓபன் ஈயில் 1, 2, 6 தந்திகள் சாதாரண ட்யூனிங்கில் இருந்தபடியேதான் இருக்கின்றன. அவற்றில் 9 கன முதல் தந்தி 6 கிலோகூட இழுக்காது, ஸ்லைடு பட்டதும் ஃபிரெட்டில் போய் மோதும். அழுத்தத்தைக் குறைத்தால் ஒலி மெலிந்துவிடும். 10-46 போடுங்கள், 11-49 போட்டால் இன்னும் நல்லது. 11-49 ஓபன் ஈயில் முதல் தந்தி 8.9 கிலோ, மூன்றாவது 9.4 கிலோ என்று உறுதியாக நிற்கும். அதே 11-49 செட்டை ஓபன் டிக்கு இறக்கினால், கைக்கு 10-46 செட் சாதாரண ட்யூனிங்கில் இருப்பது போலத் தெரியும். விரலால் அழுத்தியும் வாசிப்பவர்களுக்கு இது நல்ல சமரசம். கனத்தை மாற்றியதும் பிரிட்ஜ் ஸ்க்ரூக்களை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்லைடு கண்ணாடியா, ஸ்டீலா? எந்த விரலில்?
— வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: சுண்டுவிரல். அப்போதுதான் மற்ற மூன்று விரல்களும் கார்டு பிடிக்கவும் பின்னால் இரைச்சலை அடக்கவும் கிடைக்கும். மோதிர விரலில் பிடி உறுதியாக இருக்கும். டுவேன் ஆல்மன் மோதிர விரலில்தான், ஒரு மருந்துக் குப்பியை மாட்டி வாசித்தார். ஆனால் அதில் கார்டு பிடிப்பது கடினம்.

அக்கூஸ்டிக்கில் 13-56 போட்டவர்களுக்குக் கனமான பித்தளை அல்லது ஸ்டீல். எலெக்ட்ரிக்கில் 10, 11 போட்டவர்களுக்குச் சுவர் 3 மி.மீ. தடிமன் உள்ள கண்ணாடி. மெல்லிய தந்திமேல் கனமான ஸ்லைடு வைத்தால் அதன் எடையே தந்தியை ஃபிரெட்டுக்குத் தள்ளிவிடும். வாங்கிப் பார்ப்பதற்கு முன் மலிவாகப் பரிசோதிக்க வேண்டுமானால் புதுப்பேட்டையில் ஸ்பார்க் பிளக் கழற்றும் பழைய சாக்கெட் தேடலாம். வழவழப்பான, முழு உருளை வடிவ சாக்கெட்டாகப் பாருங்கள். வெளிப்பரப்பில் எழுத்து பொறித்திருந்தால் தந்தியில் அது ஒவ்வொரு முறையும் கரகரக்கும். 400, 800, 1200 என்று எமரித் தாளில் வரிசையாகத் தேய்த்துவிடுங்கள். விரலின் இரண்டாவது கணுவைத் தாண்டி ஸ்லைடு இறங்கக் கூடாது. உள்ளே தளர்வாக இருந்தால் ஒரு சுற்று மருத்துவ டேப் ஒட்டுங்கள்.

கேள்வி: மாதம் ஒரு தடவை தந்தி துருப்பிடிக்கிறது.
— வாசகர், பெசன்ட் நகர்

பதில்: கடற்காற்றும் கை வியர்வையும் சேர்ந்தால் அப்படித்தான். முதலில் துருப்பிடிப்பவை 1, 2 பிளெயின் தந்திகள். விரலுக்குத் தெரியாத நுண்ணிய துருகூட ஸ்லைடில் மண் உரசுவது போலக் கேட்கும். செட் முழுவதையும் மாற்றாமல், 13-56 செட் என்றால் 13 பிளெயின் நான்கும் 17 பிளெயின் நான்கும் வாங்கி வைத்துக்கொண்டு அந்த இரண்டை மட்டும் மாற்றுங்கள். பூச்சு உள்ள செட் விலை கூடுதல், ஆனால் கடற்கரைப் பகுதியில் அது பலமடங்கு நாள் தாங்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் கிள்ளிப் பிடித்து அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். பலரும் மேற்புறத்தை மட்டும் துடைக்கிறார்கள், துரு அடியிலிருந்து தொடங்குகிறது.

கேள்வி: கோட்டு வாத்தியம் கற்றவள் நான். பாட்டுக்கு என் சுருதி ஐந்து கட்டை. மடியில் கிடாரைப் படுக்கவைத்து ப்ளூஸ் வாசிக்க விரும்புகிறேன். அதற்கு எந்த ட்யூனிங், எந்தக் கனம்?
— வாசகி, மயிலாப்பூர்

பதில்: உங்கள் கையில் ஏற்கெனவே ஜாருவும் நிதானமும் இருக்கின்றன, வாழ்த்துகள். ஐந்து கட்டை என்பது ஜி. ஓபன் ஜி உங்கள் சுருதியிலேயே அமைந்துவிடுகிறது. கேப்போ தேவையில்லை, மடிக் கிடாரில் கேப்போ போடவும் வசதிப்படாது. ஓபன் டி இரண்டு கட்டை.

மடியில் வாசிக்க நட்டை உயர்த்த வேண்டும். இருக்கும் நட்டின் மேல் கவிழ்த்து வைக்கும் உலோக உயர்த்தி நட் தனியாகவே விற்கிறார்கள். தந்தியைத் தளர்த்தி வைத்தால் போதும், வெட்டுவது, ஒட்டுவது எதுவும் இல்லை. தந்தி ஃபிரெட்டுக்கு மேல் 8 முதல் 10 மி.மீ. உயரத்தில் நிற்கும், ஃபிரெட் கம்பிகள் வெறும் அடையாளக் கோடுகள்தான். விரலால் அழுத்தப்போவதில்லை என்பதால் 13-56 செட்டைத் தயங்காமல் போடலாம். முதல் தந்திக்கு 14 அல்லது 15 போட்டால் கமகத்துக்குப் பிடிமானம் கிடைக்கும். மூன்றாவது தந்தியையும் வவுண்ட் நீக்கி 20 பிளெயினாக மாற்றிப் பாருங்கள். சுற்றுக் கம்பியில் எழும் 'ஸ்ஸ்' என்ற உரசல் இருக்காது. பிளெயின் மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தும்போது சுருதி பிசகும் என்பார்கள். நீங்கள் காதால் இடம் பிடிப்பவர், அது உங்களைப் பாதிக்காது.

மடிக் கிடாருக்கென்றே புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை வாசிப்பவர்கள் பயன்படுத்தும் இன்னொரு ஓபன் ஜி இருக்கிறது: ஜி, பி, டி, ஜி, பி, டி. அதற்கு ஆறாவது தந்தியை மூன்று ஃபிரெட்டும் ஐந்தாவதை இரண்டு ஃபிரெட்டும் ஏற்ற வேண்டும். ஆறாவதில் மட்டும் இழுவிசை நாற்பது சதவீதம் கூடிவிடும். சதுரக் கழுத்து உள்ள ரெஸனேட்டர் கிடார் (உள்ளே உலோகக் கூம்பு ஒலியைப் பெருக்கும் கிடார்) அதைத் தாங்கும். உங்களிடம் இருப்பது சாதாரண உருண்டைக் கழுத்து என்றால் அந்த ட்யூனிங்கை விட்டுவிட்டு, ப-ஸ-ப-ஸ-க-ப என்ற ஓபன் ஜியிலேயே இருங்கள். 5-வது ஃபிரெட்டில் நேர்க்கோடாக ஸ்லைடை வைத்தால் மத்யம கார்டு, 7-ல் பஞ்சம கார்டு, 12-ல் மறுபடி ஸட்ஜம். பன்னிரண்டு பார் (தாள அளவு) ப்ளூஸுக்கு அந்த மூன்று இடங்களும் வெறும் தந்திகளும் போதும். கோட்டு வாத்தியக் கட்டையை வைத்தே தொடங்கலாம், ஆனால் மரத்தின் ஒலி மென்மையாக இருக்கும். ப்ளூஸின் கணீரென்ற ஒலி வேண்டுமானால் மடிக் கிடாருக்கென்று விற்கும் கனமான, துளையில்லாத ஸ்டீல் பாரை எடுத்துக்கொள்ளுங்கள்.